ஆபீஸ் வீட்டுக்குப் பக்கத்தில் வந்தது

ஜன்னலோர இடத்தில் ஹமீது பாயின் கைக்குட்டை விரித்திருக்கிறது. எடுத்து மடித்து அவர் கையில் கொடுத்துவிட்டு உட்காருகிறேன். அவர் வாங்கிப் பையில் வைத்துக்கொள்கிறார். காலையில் முதல் இரண்டு மூன்று ஸ்டேஷன் வரைக்கும் எங்களுக்குள் பேச்சு கிடையாது. எதிரே சௌரிராஜன் இங்கிலீஷ் பேப்பரை முகத்துக்கு மறைப்பாக விரித்திருக்கிறார். செங்கல்பட்டில் ஏறுகிற அவர்தான் எங்களுக்கெல்லாம் இடம் பிடிப்பவர், பாதி இடத்தைத் தன் உடம்பால், மீதியைக் குடையாலும் பையாலும். அப்புறம் மறைமலைநகரில் பாய் ஏறி என் இடத்தில் கைக்குட்டையைப் போடுவார், கூடுவாஞ்சேரியில் நான் ஏறி அதை எடுப்பேன், பெருங்களத்தூரில் கிருபாகரன் வந்து நின்றுகொண்டே வருவான், சின்னவன் என்பதால். ஏழே கால் வண்டி, பின்னாலிருந்து மூன்றாவது பெட்டி. ஊரப்பாக்கம் ஏரி நிறைந்து கிடக்கிறது. கார்த்திகை மழைக்குப் பிறகு அதைப் பார்க்கும்போதெல்லாம் யாரோ நமக்குத் தெரியாமல் நமக்கு நல்லது செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று தோன்றும். சௌரிராஜன் பேப்பரின் கடைசிப் பக்கம் என் பக்கமாக இருக்கிறது, கிரிக்கெட். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். இங்கிலீஷ் கற்றுக்கொண்டதெல்லாம் இந்த வண்டியில், பிறர் கையிலிருந்த பேப்பர்களின் முதுகில். அதனால் எனக்குத் தெரிந்த உலகம் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும்தான், நடுவில் என்ன நடக்கிறது என்று சரியாகத் தெரியாது, போரும் விளையாட்டும் தெரியும். சட்டைப் பையில் ஏதோ கனக்கிறது. வீட்டுச் சாவி பேன்ட்டில் இருக்கிறதே, இது என்ன? வண்டலூர் போகிறது. அங்கே ஒரு கிழவர் தினமும் தண்டவாளத்து ஓரம் நின்று பல் விளக்குவார், இன்றைக்குக் காணோம், ஒருவேளை விளக்கி முடித்துவிட்டாரோ. குளிர்ந்த காற்று. பசிக்கிறது. பக்கத்தில் பாய் மடியில் துணிப்பை, திங்கட்கிழமை என்றால் இடியாப்பம்.

பெருங்களத்தூரில் கிருபாகரன் ஏறுகிறான். ஏறி, மேலே கம்பியைப் பிடித்து, என்னைப் பார்த்து, பிடித்த கையை விட்டுவிட்டு, "அண்ணா! நீங்க எங்க இங்க?" என்கிறான். நான் அவனைப் பார்க்கிறேன். சௌரிராஜனின் பேப்பர் மெதுவாக இறங்குகிறது. பாய் என்னைத் திரும்பிப் பார்க்கிறார், பிறகு தன் பையிலிருக்கும் கைக்குட்டையைத் தொட்டுப் பார்க்கிறார். "ஓய் ஏகாம்பரம், வெள்ளிக்கிழமைதானேய்யா உமக்கு மாலை போட்டு அனுப்பிவெச்சோம்?" என்கிறார் சௌரிராஜன். "ஆமா." "கதம்ப மாலை. நானே பூக்கடையில நின்னு வாங்கினது." "ஆமா." "ஜாங்கிரி வேற." "அண்ணன் அழுதாரு," என்கிறான் கிருபாகரன், "தூசின்னு சொன்னாரு, ஆனா அழுதாரு." "அழுதவர் மூணாம் நாளே திரும்பி வந்து உட்கார்ந்திருக்கார் பாருங்கோ!" என்று சௌரிராஜன் பெட்டி முழுவதும் கேட்கும்படி சொல்ல, கதவோரம் நின்ற முன்பின் தெரியாத ஒருவர்கூடச் சிரிக்கிறார். வண்டி கிளம்பிவிட்டது. பெருங்களத்தூர் பின்னால் போகிறது, பெயர்ப் பலகை, தண்ணீர்க் குழாய், ஒரு நாய். எனக்கு முதலில் சிரிப்புதான் வருகிறது. காலையில் எழுந்தேன், குளித்தேன், மனைவி கனகவல்லி படத்துக்கு முன்னால் விளக்கேற்றினேன், பூட்டினேன், நடந்தேன். கால் தெருமுனையில் வலப்பக்கம் திரும்ப வேண்டியது, இடப்பக்கம் திரும்பியிருக்கிறது. முப்பது வருஷத்துக்கு மேல் இடப்பக்கமே திரும்பிய கால், அதனிடம் யார் போய்ச் சொன்னார்கள், கம்பெனி ஊருக்கு வெளியே வந்துவிட்டது, இன்றிலிருந்து வலப்பக்கம் என்று? சர்க்குலர் எனக்குத்தான் வந்தது, காலுக்கு வரவில்லை. சிரித்துக்கொண்டே சட்டைப் பைக்குள் கை விடுகிறேன், அங்கே அந்தச் சாவி.

சிவப்பு நூல் கட்டிய நீளமான ஷட்டர் சாவி. புது ஆபீஸின் சாவி. ஒரே சாவி, இன்னொன்று செய்யக் கொடுத்தது இன்னும் வரவில்லை. சனிக்கிழமை சின்னவர், எங்கள் முதலாளியின் மகன், வீட்டுக்கே வந்து அதை என் கையில் வைத்து, "சார், நீங்கதானே பக்கத்துல இருக்கீங்க, நடந்து வந்துடலாம். திங்கட்கிழமை ராகு காலம் ஒன்பது மணிக்கு முடியுது. முடிஞ்சதும் கதவைத் திறக்கணும், அப்பா வராங்க" என்றார். பெரியவருக்கு எண்பது தாண்டிவிட்டது, இரண்டு பேர் பிடித்துக்கொள்ள நடக்கிறார், இந்த ஒரு காரியத்துக்காக அடையாறிலிருந்து காரில் வருகிறார், வந்து பூட்டிய ஷட்டருக்கு முன்னால் வெயிலில் நிற்பார், பின்னால் ஐயர் நிற்பார், தேங்காய் நிற்கும். சாவி பெருங்களத்தூருக்கும் தாம்பரத்துக்கும் நடுவே, கடற்கரையைப் பார்த்து மணிக்கு ஐம்பது மைல் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. எத்தனை பேர் வருகிறார்கள், எல்லோரிலும் நான்தான் பக்கம், பக்கத்தில் இருக்கிறவன்தான் வரவில்லை. "தாம்பரத்துல இறங்கி எதிர் வண்டியப் பிடிங்க, ஒண்ணும் ஆகாது," என்கிறார் பாய். அவர் பஜாரில் கடை வைத்திருப்பவர், எதற்கும் பதறாதவர், அவர் சொன்னால் எனக்குப் பாதி நிம்மதி. "இறங்கறதுக்கு இவர் எழுந்தால் இந்த இடம் யாருக்கு?" என்கிறார் சௌரிராஜன். "எனக்கு," என்கிறான் கிருபாகரன், "அஞ்சு வருஷமா நிக்கிறேன்."

உண்மையில் எல்லோரும் எனக்கு லாட்டரி விழுந்ததாகத்தான் சொன்னார்கள். லிங்கிச் செட்டித் தெருவில் இருந்த வால்வு கம்பெனி கூடுவாஞ்சேரிக்குப் போகிறது என்று தெரிந்த அன்றைக்கு, கணக்குப் பார்க்கும் புஷ்பராணி மேடம் என் மேஜைக்கு வந்து, "சின்னவருக்கு என்ன சார் வாங்கிக் கொடுத்தீங்க? கரெக்டா உங்க வீட்டு வாசல்ல கொண்டு வந்து ஆபீஸ வைக்கிறாரு!" என்றார். அவர் வீடு ராயபுரம், முன்பு நடந்து வந்தவர். நான் என்ன வாங்கிக் கொடுப்பேன். சின்னவர் எங்களையெல்லாம் உட்காரவைத்துக் காரணம் சொன்னார். வாடகை ஏறிவிட்டது. பகலில் லாரி உள்ளே வரவிடுவதில்லை, ஒரு வால்வு இறக்க ராத்திரி பத்து மணி வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. தெருவைத் தோண்டினார்கள், மூடினார்கள், மறுபடி தோண்டினார்கள். வாங்குகிற கம்பெனிகள் எல்லாம் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போய்விட்டன, அவர்கள் ஆட்கள் பாரிமுனைக்கு வருவதற்குப் பதில் போனிலேயே வேறு யாரிடமோ வாங்கிவிடுகிறார்கள். புதுப் பையன்களை வேலைக்குக் கூப்பிட்டால் முதல் கேள்வியே வண்டி எங்கே நிறுத்துவது என்பதுதான். எல்லாம் நியாயம். கேட்கக் கேட்க எனக்கே நாம் ஏன் இத்தனை நாள் அங்கே இருந்தோம் என்று தோன்றியது. சௌரிராஜன் வேறு விதமாகச் சொல்வார்: "முதல்ல பட்டணத்துல வாடகை கொடுக்க முடியாம நாமெல்லாம் வெளியில வந்தோம். அப்புறம் காலேஜ் வந்தது. அப்புறம் ஆஸ்பத்திரி. இப்போ ஆபீஸுக்கும் வாடகை கொடுக்க முடியலை, நம்மளத் தேடிண்டு வருது. கடைசியா பீச்சும் கிளம்பி வந்துடும் பாரும், மறைமலைநகர்ல சுண்டல் விக்கலாம்." ஆபீஸ் என்னைத் தேடிக்கொண்டு வந்தது என்றால் நான்கு வருஷம் தாமதமாக வந்தது. கனகவல்லி ஒவ்வொரு வருஷமும் சொல்வாள், மத்தியான வெயிலில் முறத்தோடு உட்கார்ந்து, "அந்த லிங்கிச் செட்டித் தெருவை யாராவது தூக்கிட்டு வந்து நம்ம தெருக்கோடியில வெச்சா என்னவாம்? மத்தியானம் வந்து சூடா ஒரு வாய் சாப்பிட்டுப் போவீங்க." சாமியிடம் கேட்பது போலக் கேட்கமாட்டாள், முனிசிபாலிட்டியைக் கேட்பது போலக் கேட்பாள். வந்துவிட்டது கனகா. தெருக்கோடிகூட இல்லை, அடுத்த தெரு. மூடிய அரிசி ஆலை இருந்த இடம்.

அதைவிட, யாரிடமும் சொல்லாதது ஒன்று இருக்கிறது. ஐந்தரைக்கு ஆபீஸ் விடும். ஐந்து நாற்பதுக்கு வீட்டில் இருப்பேன். அப்புறம்? இத்தனை நாள் ஏழரை மணிக்கு வீட்டுக்குள் நுழைவேன், உடம்பு அலுத்திருக்கும், ஒரு ரொட்டி, பால், ரேடியோ, தூக்கம். வீடு என்னைக் கவனிப்பதற்குள் நான் தூங்கிவிடுவேன். இனி வெளிச்சம் இருக்கும்போதே கதவைத் திறக்க வேண்டும். சாயங்கால வெளிச்சத்தில் அந்த அடுப்படி எப்படி இருக்கும் என்று நான் பார்த்து நான்கு வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில்கூட ஏதாவது சாக்குச் சொல்லி மார்க்கெட்டுக்குப் போய்விடுவேன், ஒரு கட்டுக் கீரைக்காக இரண்டு மணி நேரம். ஓசூரில் இருக்கும் மகள் திலகவதி போனில், "அப்பா, இனிமே உங்களுக்கு எவ்வளவு டைம் கிடைக்கும்!" என்று சந்தோஷமாகச் சொன்னாள். ஆமாம்மா, என்றேன். கால் இடப்பக்கம் திரும்பியதற்கு அதுவும் ஒரு காரணமோ என்னவோ. காலுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. இன்னொரு காரணம் இந்தத் துணிப்பை. கனகவல்லி போன பிறகு பதினாறாம் நாள் காரியம் முடிந்து நான் இதே வண்டியில் ஏறியபோது யாரும் ஒன்றும் கேட்கவில்லை, பாய் ஒரு டப்பாவை என் மடியில் வைத்தார், அவ்வளவுதான். மறுநாள் சௌரிராஜன் வீட்டுப் பொங்கல். அதற்கு மறுநாள் கிருபாகரனின் அம்மா செய்த அடை. இன்ன நாளைக்கு இன்ன வீடு என்று எப்போது முடிவாயிற்று, யார் முடிவு செய்தார்கள், எனக்குத் தெரியாது, நானும் கேட்கவில்லை, கேட்டால் நன்றி சொல்ல வேண்டியிருக்கும், நன்றி சொன்னால் நின்றுவிடுமோ என்று பயம். நான்கு வருஷமாக என் காலைச் சாப்பாடு ரயிலில்தான். இன்றைக்கு வீட்டில் ஒன்றும் சாப்பிடாமல் கிளம்பியிருக்கிறேன், சாப்பிடவில்லை என்பதே தெரியாமல்.

தாம்பரம். எழுந்தேன். எழுந்ததோடு சரி. பிளாட்பாரத்தில் இருந்த கூட்டம் மொத்தமாக உள்ளே வந்தது, நான் இரண்டு அடி வாசல் பக்கம் போனேன், மூன்று அடி பின்னால் வந்தேன். "இறங்கணும்... இறங்கணும்..." என்கிறேன். "தூங்கிட்டு இருந்தியா பெருசு?" என்கிறது ஒரு முதுகு. வண்டி நகர்ந்துவிட்டது. கிருபாகரன் என் இடத்தில் உட்கார்ந்திருக்கிறான், வெட்கத்தோடு, ஆனால் நன்றாகச் சாய்ந்து. "சானடோரியத்துல இறங்கிடலாம்ணா, அங்க கூட்டம் இருக்காது." இரண்டு நிமிஷம்தான். அந்த இரண்டு நிமிஷத்தில் பாய் கூட்டத்துக்கு நடுவே கையை நீட்டித் துணிப்பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துக் கொடுக்கிறார், எவர்சில்வர், மூடி மேல் ரப்பர் பேண்ட், இன்னும் சூடு. நான் டப்பாவைப் பார்க்கிறேன். பாயைப் பார்க்கிறேன். நான் இனி வரமாட்டேன் என்றுதான் அவருக்குத் தெரியுமே. "வீட்டுல மறந்து நாலா கட்டிட்டாங்க," என்கிறார் பாய், "வழக்கம் பாருங்க. நானும் எண்ணிப் பாக்கல, தூக்கிட்டு வந்துட்டேன்." பிறகு கொஞ்சம் யோசித்து, "கைக்குட்டையும் போட்டுட்டேன்," என்கிறார். சௌரிராஜன் குடையைச் சரியாக மாட்டிக்கொள்கிறார். ஆளில்லாத டப்பா ஒன்று மறைமலைநகரிலிருந்து என்னைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறது. நான் வராமலிருந்தால் அது பாட்டுக்குக் கடற்கரை வரைக்கும் போயிருக்கும். அவர் வீட்டம்மா, அவர், நான், மூன்று பேர் மறந்தால் அது மறதியா? சட்டைக் கையால் கண்ணைத் துடைக்கிறேன், தூசி என்று சொல்ல முடியாது, மழை பெய்து கழுவிவிட்ட காலை. "டப்பா பத்திரம்," என்கிறார் சௌரிராஜன் கடைசியில், "அது பாயம்மாவோட சீர் டப்பா. தொலைச்சீர்னா பாய் ராத்திரி கடையிலதான் படுக்கணும்."

சானடோரியம் பிளாட்பாரம் காலியாக இருக்கிறது. வேப்பமரங்கள் சொட்டிக்கொண்டிருக்கின்றன. ஏழே கால் வண்டி என்னை விட்டுவிட்டுப் போவதை நான் வெளியே நின்று பார்த்ததே கிடையாது, எப்போதும் உள்ளேயே இருந்திருக்கிறேன். பின்னாலிருந்து பார்த்தால் எல்லா வண்டியையும் போலத்தான் இருக்கிறது. மேம்பாலம் ஏறி எதிர்ப்பக்கம் வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, டப்பாவை ஒரு கையிலும் சாவியை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு, எதை முதலில் யோசிப்பது என்று தெரியாமல் இருக்கும்போது போன் அடிக்கிறது. சின்னவர். எடுக்காமல் இருக்கலாமா? எடுக்கிறேன். "சார், எங்க இருக்கீங்க?" "ஸ்டேஷன்ல சார்." "எந்த ஸ்டேஷன்?" பொய் சொல்லலாம், வாய் வரவில்லை. "சானடோரியம்." முடிந்தது என்று நினைக்கிறேன், முப்பது வருஷத்தில் முதல் தடவையாக. "அவ்வளவு தூரம் போயிட்டீங்களா சார் நம்ம ஆளுங்கள அழைச்சிட்டு வர?" என்கிறார் சின்னவர். "எனக்குத் தோணவே இல்ல பாருங்க. பாதிப் பேருக்கு அந்தப் பக்கம் வழியே தெரியாது. அப்பாகிட்ட சொல்றேன், ரொம்ப சந்தோஷப்படுவாங்க." போனை வைத்துவிட்டார். திருத்தியிருக்க வேண்டும். திருத்த இடம் எங்கே கொடுத்தார். கல்யாணத்தில் சம்பந்தி வீட்டாரை ஊர் எல்லைக்கே போய் அழைத்து வருவார்களே, சந்தனம், பன்னீர், கல்கண்டோடு, அப்படி ஆகிவிட்டது. என் கையில் இடியாப்பம்தான் இருக்கிறது.

செங்கல்பட்டு வண்டி வருகிறது. காலி. காலை வேளையில் இந்தத் திசையில் வண்டி இப்படிக் காலியாகப் போகும் என்று எனக்கு இத்தனை வருஷத்தில் தெரியாது, எதிர்த் திசையில் நசுங்கிக்கொண்டிருந்தவனுக்கு எப்படித் தெரியும். மெதுவாக நிற்கும்போது ஒவ்வொரு ஜன்னலாகப் பார்க்கிறேன், ஒரு ஜன்னலில் புஷ்பராணி மேடம், தலை நிறைய மல்லிகை, காற்றில் முடி பறக்க, வளையல் கையை வெளியே நீட்டிக் கூப்பிடுகிறார். "ஏகாம்பரம் சார்! இங்க! இங்க!" உள்ளே எங்கள் ஆபீஸ் மொத்தமும் ஆளுக்கொரு ஜன்னல் பிடித்துக் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறது, சுற்றுலா போகிறவர்களைப் போல. ஒரு பிளாஸ்க் கை மாறிக்கொண்டிருக்கிறது. "சின்னவர் போன் பண்ணாரு, எங்கள அழைக்க வந்திருக்கீங்களாமே! உட்காருங்க சார், எங்க வேணா உட்காரலாம். நான் படுத்தே வருவேன்னு சொல்றேன், இவங்கதான் விடல." போன வாரம் வரைக்கும், கூடுவாஞ்சேரி எங்கே இருக்கிறது, பாஸ்போர்ட் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தவர். "சிரிங்க சார், உங்களுக்கு ஒண்ணு சொல்றேன். நம்ம வைத்தியலிங்கம் சார் காலையில நேரா லிங்கிச் செட்டித் தெருவுக்கே போயிட்டாரு! பூட்டின கதவத் தட்டிட்டு நின்னாராம். டீக்கடைக்காரர் பிடிச்சு அனுப்பிருக்காரு." வைத்தியலிங்கம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "மழை வருமா பாத்தேன்," என்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். நான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிக்கிறேன், சிரித்துக்கொண்டே இருக்கிறேன், நிறுத்த முடியவில்லை. புஷ்பராணி மேடம் சிரிப்பை நிறுத்திவிட்டு என் மடியிலிருக்கும் டப்பாவைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், கணக்குப் பார்க்கிறவர். பிளாஸ்க் மூடியில் காபி ஊற்றி என் பக்கம் நீட்டுகிறார். "காலையில ஒண்ணும் சாப்பிடலதானே? சாப்பிடுங்க. ஸ்டேஷன் வந்தா நான் சொல்றேன், நீங்க தூங்கிடாதீங்க, நேரா செங்கல்பட்டு போயிடப் போறோம்."

திறக்கிறேன். இடியாப்பம் இன்னும் ஆறவில்லை, பக்கத்தில் சின்னக் கிண்ணத்தில் தேங்காய்ப்பால், ஏலக்காய் வாசனை. வண்டலூரில் அந்தக் கிழவர் நிற்கிறார், பல் விளக்கிக்கொண்டு, கொஞ்சம் முன்னால்தான் வந்திருப்பார் போலிருக்கிறது. தாமதமாக வருகிறவன் நான் மட்டும் இல்லை. ஊரப்பாக்கம் ஏரி இப்போது வலப்பக்கம் வருகிறது, எனக்கு அது எப்போதும் இடப்பக்கத்து ஏரி. "எவ்வளவு தண்ணி!" என்கிறார் புஷ்பராணி மேடம், "சார், இது எங்களுக்குத் தினமும் உண்டா?" உண்டு, என்கிறேன், ஏதோ நானே வெட்டி வைத்தது போல. கடைசி இழையைத் தேங்காய்ப்பாலில் துடைத்துச் சாப்பிட்டு, கிண்ணத்தை மேடத்தின் பாட்டில் தண்ணீரில் அலசி, மூடி, ரப்பர் பேண்ட் போட்டு மடியில் வைத்துக்கொண்ட பிறகுதான் அது தோன்றுகிறது. இந்த டப்பாவை இனி எப்படித் திருப்பிக் கொடுப்பது? இத்தனை நாள் சாப்பிட்டு முடித்ததும் அங்கேயே, வண்டியிலேயே, அவர் பையில் போட்டுவிடுவேன். கையோடு கொடுத்தால் காலி டப்பா தப்பில்லை. வீட்டுக்குக் கொண்டுபோன டப்பாவைக் காலியாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது, கனகவல்லி ஒரு உப்புக் கிண்ணத்தைக்கூடக் காலியாகக் கொடுக்கமாட்டாள், ஒன்றும் இல்லையென்றால் இரண்டு வெல்லக் கட்டி. பாய் சாயங்காலம் ஏழு மணி வாக்கில் கூடுவாஞ்சேரியைத் தாண்டுவார், பின்னாலிருந்து மூன்றாவது பெட்டி, ஜன்னலோரம், வண்டி அரை நிமிஷம் நிற்கும். ஜன்னல் வழியாகக் கொடுத்துவிடலாம். கேசரி. கேசரி ஒன்றுதான் நான் கொஞ்சம் பார்த்து வைத்திருக்கிறேன், அவள் கிளறும்போது பின்னால் நின்று முந்திரியைத் திருடியதால். ரவையை முதலில் வறுப்பாளா, தண்ணீர் கொதித்த பிறகு வறுப்பாளா? முதலில்தான். நெய்யில். நாளைக்குச் சௌரிராஜன் வீட்டு முறை. அவரும் ஜன்னல் வழியாக எதையாவது நீட்டாமல் இருக்கமாட்டார்.

தெருமுனை. பத்துப் பதினைந்து பேரையும் பின்னால் கூட்டிக்கொண்டு அதைத் தாண்டி நேரே நடக்கிறேன், கால் ஒரு நொடி ஸ்டேஷன் பக்கமே திரும்பப் பார்க்கிறது, விடவில்லை. பழைய அரிசி ஆலை மதில் வெள்ளையடித்துப் பளிச்சென்று இருக்கிறது, வாசலில் வாழைமரம், கார் இப்போதுதான் வந்து நின்றிருக்கிறது. சின்னவர் பெரியவரைக் கைத்தாங்கலாக இறக்குகிறார். பெரியவர் எங்கள் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, "ஊர்வலமால்ல வருது," என்று சிரிக்கிறார், வாயில் பல் இல்லை. "எல்லாரையும் கூட்டிட்டு வந்துட்டியா ஏகாம்பரம்?" "வந்துட்டேங்க." ஐயர் கடிகாரத்தைப் பார்க்கிறார், தலையாட்டுகிறார், ராகு காலம் போயிற்று. பெரியவர் சாவியை என்னிடமிருந்து வாங்கிக்கொள்ளக் கை நீட்டுவார் என்று நினைத்தேன், அவர் தடியால் கதவைக் காட்டி, "நீயே திற," என்கிறார், "உன் ஊருதானே." நான் டப்பாவை இடது கைக்கு மாற்றிக்கொண்டு குனிந்து சாவியைப் போடுகிறேன். புது ஷட்டர், கொஞ்சம் இறுக்கம். ஐந்தரைக்கு விடுவார்கள். ரவை வாங்கக் கடைக்குப் போக வேண்டும், முந்திரி, ஏலக்காய், நெய் வீட்டில் இருப்பது நல்ல நெய்யா தெரியாது, அதையும் வாங்கிவிடலாம். வாணலி மேல் பரணில் இருக்கிறது, ஸ்டூல் போட்டு இறக்கி, தேய்த்து, அடுப்படி ஜன்னலைத் திறந்து, முதல் தடவை கட்டி தட்டினால் இரண்டாம் தடவை கிளற வேண்டும், ஆற வேண்டும், டப்பாவில் அமுக்க வேண்டும், சட்டை மாற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓட வேண்டும். ஐந்தரையிலிருந்து ஏழு. ஒன்றரை மணி நேரம். சாவி திரும்பிவிட்டது, ஷட்டர் தடதடவென்று மேலே போகிறது, பின்னால் எல்லோரும் கை தட்டுகிறார்கள், எனக்கு ஒன்றுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒன்றரை மணி நேரம் எப்படிப் போதும்?